ஏழு நோய்களும் ஓர் அரை வரியும்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பிறழ்நிலை உளவியல், அதாவது மனநோய்களைப் பற்றியது, ஒரு பாடம். அந்தப் புத்தகத்தைத் திறந்த நாளிலிருந்து நிம்மதி போய்விட்டது. எந்த அத்தியாயத்தைப் படித்தாலும் அதில் நான் இருக்கிறேன்.

மனச்சோர்வு: தூக்கம் சரியில்லை, எதிலும் ஆர்வம் இல்லை, அடிக்கடி அழுகை வருகிறது. பொதுப் பதற்றக் கோளாறு: எப்போதும் ஏதாவது ஒரு கவலை. ஓ.சி.டி. (எண்ணச் சுழற்சி நோய்): வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அதைவிட மோசம், அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்கும்போது 'கீழே போட்டுவிட்டால்?' என்று ஓர் எண்ணம் வருகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பைபோலார் (இருதுருவக் கோளாறு): சில நாள் ஒரே உற்சாகம், சில நாள் ஒன்றுமே ஓடாது. மனச்சிதைவு: தூக்கம் வரப்போகும் நேரத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிடுவதுபோல இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு): பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு: கோபம் வந்தால் கத்திவிடுவேன், அப்புறம் அழுவேன்.

அம்மாவுக்கும் ஓ.சி.டி. இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு பொருள் இடம் மாறக் கூடாது. தம்பியிடம் 'நீ ஒரு நார்சிசிஸ்ட்', தன்னை மட்டுமே நேசிப்பவன், என்று சொல்லிவிட்டேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

இன்னொன்று. மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. முதல் தடவை பேருந்தில் வந்தது. இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, நார்மல். 'டென்ஷன்தான், ஒன்றுமில்லை' என்றார்கள். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது, ஹார்ட் அட்டாக். இப்போது நான் பேருந்தில் போவதில்லை, லிஃப்டில் ஏறுவதில்லை, வெளியே போனால் அக்கா கூட வர வேண்டும்.

எனக்கு என்ன நோய்? இந்தப் படிப்பை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தைக் கையில் பென்சிலோடு படித்தேன். உங்களுக்கு ஏழு நோய், அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஒரே வீட்டில் ஒன்பது. அக்காவும் குழந்தையும் எப்படியோ தப்பிவிட்டார்கள்.

கேலி என்று நினைக்காதீர்கள். இந்தப் பாடம் படித்த எல்லோரும் இந்தப் பாதையில் ஒருமுறை நடந்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் ஆளுமைக் கோளாறுகள் நடத்திய இரண்டு வாரமும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பைபோலார். அடுத்த பாடம் வந்ததும் அது தானாகக் குணமாகி வேறொன்று பிடித்துக்கொண்டது. இதற்கு 'மருத்துவ மாணவர் நோய்' என்று ஒரு செல்லப் பெயரே உண்டு. உடல் மருத்துவம் படிப்பவர்களாவது ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து நிம்மதி அடையலாம். நமக்கு அந்த வசதியும் இல்லை. மனச்சோர்வையோ பதற்றத்தையோ உறுதிப்படுத்த இன்றுவரை ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்டும் பார்த்தும்தான் கண்டுபிடிக்கிறோம்.

ஏன் எல்லாமே நமக்குப் பொருந்துகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் 'இது உன்னைப் பற்றிய குறிப்பு' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. விஷயம் என்னவென்றால், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்புதான். பெரும்பாலான வரிகளை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'வெளியே கட்டுப்பாட்டோடு தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர்' என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்?

உங்கள் பாடப்புத்தகத்தின் அறிகுறிப் பட்டியலும் இதே வேலையைச் செய்கிறது, அதுவும் கூடுதல் அதிகாரத்தோடு. தூக்கமின்மை, களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், கவலை. இவையெல்லாம் மனிதர்களின் அன்றாடச் சரக்கு. பெரும்பாலான மனநோய்களுக்கென்று தனியாக வேறு சரக்கு எதுவும் இல்லை. அவற்றில் நடப்பதும் இவைதான்; ஆனால் எத்தனை சேர்ந்து வருகின்றன, எவ்வளவு நாள் நீடிக்கின்றன, வாழ்க்கையில் எதை முடக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். பல புத்தகங்களில் அறிகுறிகளைக் கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இந்த மூன்று கேள்விகளும் கீழே எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். எனக்கு அதில் தீராத மனக்குறை உண்டு.

மனச்சோர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக நாள் முழுக்க, அநேகமாகத் தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலையோ ஆர்வமின்மையோ ஒன்று கட்டாயம். அதற்கு மேல், அது உங்களை வதைக்க வேண்டும் அல்லது வேலையை, உறவை, அன்றாடத்தைப் பாதிக்க வேண்டும். கணக்கில் விருப்பம் இருந்தால் போட்டுப் பாருங்கள்: இந்த விதிக்குப் பொருந்தும்படி அறிகுறிகளை 227 விதமாகச் சேர்க்கலாம். ஒரே பெயர் எழுதப்பட்ட இரண்டு பேருக்கு இடையே ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருப்பதும் சாத்தியம். ஒருவர் தூங்கவே மாட்டார், இன்னொருவர் எழுந்திருக்கவே மாட்டார். இருவருக்கும் பெயர் மனச்சோர்வுதான். அதனால்தான் பட்டியலை மட்டும் பார்த்து யாரும் இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது, தனக்குத் தானே என்றாலும்.

சரி, உங்கள் ஏழுக்கு வருவோம்.

பூட்டை ஒரு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது ஓ.சி.டி. இல்லை. கையேடு சொல்லும் அளவுப்படி அது தோராயமாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், அல்லது கடுமையான வேதனையோ முடக்கமோ தர வேண்டும். அந்த நோய் உள்ளவர் பூட்டைப் பார்ப்பார், பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனாலும் மனம் ஒப்பாது. மறுபடி. மறுபடி. அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகி வேலையே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவைப் பொறுத்தவரை, பொருளை இடத்தில் வைத்ததும் அவருக்கு நிறைவாக இருக்கிறதா, வேதனையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். நிறைவு என்றால் அது அவர் சுபாவம். நோய்ப் பெயர் எதற்கு?

குழந்தையைப் பற்றிய அந்த எண்ணம். கடிதத்தில் அந்த இடத்தில் உங்கள் கையெழுத்தே சிறுத்துவிட்டது. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1978-இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வருமா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வரும் என்றார்கள். ரயில் வரும்போது குதித்துவிட்டால், கத்தியைப் பிடித்திருக்கும் கை அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டால், கோயிலில் நிற்கும்போது வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டால்: மனித மனம் இப்படித்தான் சும்மா இருக்கும்போது கண்டதையும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறது. இன்னும் சுவாரசியம், ஓ.சி.டி. நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சுலபமாக இல்லை. எண்ணத்தின் உள்ளடக்கத்தில் நோய் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'இப்படி நினைத்துவிட்டேனே, நான் கொலைகாரியா?' என்று பயந்து, எண்ணத்தை விரட்டி, குழந்தையைத் தூக்குவதையே தவிர்த்து, மாடிப்படிப் பக்கமே போகாமல் இருக்க ஆரம்பித்தால் அது ஓ.சி.டி.யின் வாசல். விரட்ட விரட்டத்தான் அந்த எண்ணம் அதிகம் வரும்.

இந்த எண்ணம் வந்ததும் உங்களுக்கு ஏற்பட்டது ஆசையா, அருவருப்பா? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. உங்களுக்கு எது உயிருக்கு உயிரானதோ அதைக் குறிவைத்துத்தான் இந்த எண்ணங்கள் வரும். பக்திமானுக்குச் சாமி பற்றி வரும், அன்பான சித்திக்குக் குழந்தை பற்றி வரும். வந்தால் 'வந்துட்டியா, சரி' என்று விட்டுவிட்டுக் குழந்தையோடு படியிறங்குங்கள். யாரிடமும் சொன்னதில்லை என்றீர்கள். இப்போது சொல்லிவிட்டீர்கள், ஒன்றும் ஆகவில்லை பாருங்கள்.

மற்றவை அவ்வளவு நேரம் பெறாதவை. தூக்கத்துக்குள் நழுவும் நொடியில் பெயர் கேட்பது மூளை விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே செய்யும் சின்ன விளையாட்டு, ஏராளமானோருக்கு வரும். மனச்சிதைவில் விழித்திருக்கும்போதே குரல்கள் கேட்கும். அதோடு மாறாத தவறான நம்பிக்கை, கோர்வை இல்லாத பேச்சு என்று மற்றவையும் சேர்ந்து மொத்தமாக ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். பைபோலாரில் வரும் உற்சாகம் 'இன்று நல்ல நாள்' என்ற உற்சாகம் இல்லை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் எழுவது, பேச்சை நிறுத்த முடியாமல் போவது, கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பது, இப்படி நான்கு நாள், ஒரு வாரம் என்று தொடர்வது. ஏ.டி.எச்.டி. என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 26-இல் புத்தகம் ஓடவில்லை என்றால் வேறு காரணம் தேடுவேன். எல்லைநிலை ஆளுமை பற்றி நான் எழுதப்போவதே இல்லை. கத்திவிட்டு அழுதவர்களை எல்லாம் அதில் சேர்த்தால் மிச்சம் யாரும் இருக்க மாட்டோம்.

இடையில் ஒரு வார்த்தை. இந்தப் பட்டியல்களை இயற்கை விதிகளைப் போலப் படிக்காதீர்கள். டி.எஸ்.எம். முதலில் வந்தது 1952-இல். ஓரினச்சேர்க்கையை ஒரு நோயாக அது வைத்திருந்தது. 1973-இல் சங்கம் கூடி முடிவெடுத்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அது போக 1990 ஆயிற்று. யாருக்கும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை, பட்டியல்தான் குணமானது. இதனால் எல்லாமே கற்பனை என்று அர்த்தமில்லை. நோயின் வேதனை நிஜம், நோயால் உடைந்த குடும்பங்கள் நிஜம். 2019-இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்தார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் முதலிடம் பதற்றக் கோளாறுகளுக்கு, சுமார் 30 கோடிப் பேர். ஆனால் கோடு எங்கே போடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள், அவ்வப்போது அழித்தும் போடுகிறார்கள்.

நம் பேச்சில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 'மனசு சரியில்லை' என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. இன்று சரியில்லை, நாளை சரியாகலாம் என்று அந்த வாக்கியத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. 'மனநோயாளி' என்றதும் அந்த இடம் போய், ஆளே ஒரு பெயராக மாறிவிடுகிறார்.

இப்போது 'இன்னொன்று' என்று ஆரம்பித்தீர்களே, அதற்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்தி மட்டும்தான்.

ஏழு நோய்க்கு ஒரு பக்கம் கொடுத்தீர்கள். அப்பாவுக்கு அரை வரி கொடுத்தீர்கள். 'அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது, ஹார்ட் அட்டாக்.' ஈ.சி.ஜி.க்கும் பேருந்துக்கும் நடுவில், போகிறபோக்கில். தூக்கம் சரியில்லை, அழுகை வருகிறது, புத்தகத்தில் மனம் பதியவில்லை என்று முன்னால் எழுதியதை எல்லாம் இந்த வரியைப் படித்தபின் திரும்பப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது, இல்லையா?

துக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் நடுவில் கோடு போட அந்தக் கையேடே திணறியிருக்கிறது. பழைய பதிப்பில், ஒருவர் இறந்து இரண்டு மாதம்வரை வரும் சோகத்தைப் பொதுவாக மனச்சோர்வு என்று சொல்லக் கூடாது என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2022-இல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு அதற்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலோ ஆறு மாதம் போதும். எட்டு மாதத்தில் இருக்கும் உங்களை ஒரு புத்தகம் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. ஒரு கடிதத்தை வைத்து நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு சாதாரண அடையாளம் சொல்கிறேன்: துக்கம் அலை அலையாக வரும், நடுவில் சிரிப்பும் வரும், அப்பா சொன்ன ஜோக் நினைவுக்கு வரும். மனச்சோர்வில் பெரும்பாலும் அந்த இடைவெளி இருக்காது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. நேரில் பார்ப்பவர் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அந்தத் திடீர்ப் படபடப்புக்குப் பெயர் சொல்வதில் எனக்கு அவ்வளவு தயக்கமில்லை. நீங்கள் விவரித்திருப்பது பேனிக் அட்டாக், பீதித் தாக்குதல். 'டென்ஷன்தான், ஒன்றுமில்லை' என்று சொன்னது பாதி உண்மை. ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது. அந்தப் பின்பாதியைச் சொல்லாமல் அனுப்பியதால்தான் இரண்டாவது ஈ.சி.ஜி.க்குப் போனீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று உடம்பு நினைத்தால் அட்ரினலினைச் சுரக்கும்; ஓடவோ சண்டை போடவோ தயாராக இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். ஓடாமல் உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் விரல் மரக்கும், தலை கிறுகிறுக்கும், வேடிக்கையாக, மூச்சு போதவில்லை என்ற உணர்வும் கூடும். இதைப் பார்த்து மனம் 'செத்தோம்' என்கிறது. உடனே இன்னும் அட்ரினலின். இந்தச் சுழற்சியை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் தெளிவாக விளக்கினார்: உடம்பில் நடக்கும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாக அர்த்தப்படுத்திக்கொள்வதுதான் பேனிக்கின் அச்சு. இப்போது யோசியுங்கள். அப்பாவை இதயம் கொண்டுபோன வீட்டில், நெஞ்சுத் துடிப்பு ஒன்று கூடினால் அதற்கு வேறு என்ன அர்த்தம் வரும்? கழுத்து வலியைப் பார்த்துப் பயப்படாமல் நெஞ்சைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்றால் காரணம் இருக்கிறது.

இந்தத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். எதுவுமே செய்யாவிட்டாலும் இறங்கும். நீங்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டதால் சரியானதாக நினைக்கிறீர்கள். இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் சரியாகியிருக்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. தவிர்ப்பது அந்த நேரத்துக்குச் சுகம். ஆனால் ஒவ்வொரு தவிர்ப்பும் 'அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்தது' என்று மூளைக்குப் பாடம் எடுக்கிறது. முதலில் பேருந்து, பிறகு லிஃப்ட், இப்போது அக்கா இல்லாமல் வாசல் தாண்ட முடியவில்லை. வட்டம் சுருங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். அக்காவும் அந்த இரண்டாவது ஈ.சி.ஜி.யும்கூட ஊன்றுகோல்கள்தான். மூன்றாவது ஈ.சி.ஜி. எடுத்தால் நிம்மதி இரண்டு நாள் தாங்கும்.

எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வரும் தாக்குதல்கள், அதன்பின் ஒரு மாதமாவது 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயம் அல்லது அதற்காக நடமாட்டத்தையே மாற்றிக்கொள்வது: பீதிக் கோளாறுக்குக் கையேடு முக்கியமாகக் கேட்பது இவைதான். உங்கள் ஏழில் எதையும் சேர்க்காத நான் இதை மட்டும் விட்டுவிடாமல் கேட்கச் சொல்வேன். முறையாக உறுதி செய்வது நேரில் பார்ப்பவரின் வேலை.

போகும் முன் ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே படபடப்பைத் தரக்கூடியவை. அப்பாவுக்கு இதய நோய் இருந்ததையும் சொல்லுங்கள், என்ன பரிசோதனை தேவை என்று அவர் ஒருமுறை முடிவு செய்யட்டும். முடிந்ததும் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள். ஆனால் உடலுழைப்பின்போது வரும் நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நினைவு தப்பி விழுவது, இவை இருந்தால் 'பேனிக்தான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகு ஓர் உளவியலாளர். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, சி.பி.டி., தெரிந்தவராகப் பாருங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 அமர்வுகள். அங்கே நடப்பது நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும். ஆசுவாசப்படுத்துவதற்குப் பதிலாக, வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், மாடிப்படி ஏறி இறங்கி இதயத்தைத் துடிக்க வைக்கச் சொல்வார்கள். துடிப்பு வரும், பயம் வரும், இரண்டும் போகும், நீங்கள் அங்கேயேதான் இருப்பீர்கள். அப்புறம் அக்காவோடு ஒரு நிறுத்தம், அக்கா பின்சீட்டில் ஒரு நிறுத்தம், தனியாக ஒரு நிறுத்தம் என்று ஏணி கட்டுவார்கள். சிகிச்சை அறையில் பலர் கேட்பது 'மயங்கி விழுந்துவிட்டால்?' பேனிக்கில் பொதுவாக ரத்த அழுத்தம் கூடத்தான் செய்யும். மயக்கம் வருவது அழுத்தம் விழும்போது.

மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர் சொல்ல வேண்டும், நான் மருந்து எழுதுகிறவள் இல்லை. பீதிக்கு முதலில் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும்; ஆரம்ப நாட்களில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது. உடனே அடக்கும் தூக்க மாத்திரை ரக மருந்துகள் நீண்ட நாள் போனால் பழக்கமாகிவிடும், அதில் மட்டும் எச்சரிக்கை.

ஒரு கேள்வியை உங்களிடம் நேராகவே கேட்கிறேன், என்னிடம் வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். 'செத்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பயம். 'செத்துவிடலாம்' என்று எப்போதாவது தோன்றியதா? அது வேறு. தோன்றியிருந்தால் அமர்வுக்கு நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அக்காவிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். மனநல மருத்துவரையோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ உடனே அணுகுங்கள்.

படிப்பை விடாதீர்கள். ராத்திரி படுக்கையில் மட்டும் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டாம். அடுத்த அத்தியாயத்தை எடுக்கும்போது உங்களுக்கோ வீட்டாருக்கோ பொருத்திப் பார்க்காமல், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எவ்வளவு நாளாக, எப்போது தொடங்கியது, அதற்குமுன் வீட்டில் என்ன நடந்தது. கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

அதே கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்டுப் பாருங்களேன். அம்மாவும் தம்பியும் அதே எட்டு மாதத்துக்குள்தான் இருக்கிறார்கள். பொருள் இடம் மாறக் கூடாது என்பது அம்மாவுக்கு முன்பிருந்தே உள்ளதா, இந்த எட்டு மாதத்தில் கூடியதா? தம்பியிடம் 'அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுடா' என்று மட்டும் போய்ச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், பாடப்புத்தகத்தையும் எடுத்துப் போகாதீர்கள்.

உளவியலாளரைப் பார்க்கப் போகும்போது ஏழு நோய்ப் பட்டியலை வீட்டில் வைத்துவிடுங்கள். கடைசிப் பத்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அரை வரியைக் கொஞ்சம் நீட்டி. பேருந்தில் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் முதல் தடவை அக்காவோடு ஆட்டோவில் போங்கள், பரவாயில்லை.